"மண்டு" என்று முத்திரை குத்துவது யார்?

பஞ்சாலைத் தோழர் ஒருவரின் வீட்டில் நாம் கண்டது இது. பன்னிரண்டு வயதுப் பையன். தண்ணீர் மோட்டாரைப் பிரித்துத் திரும்பப் பூட்டுகிறான். காதால் கேட்ட கதையை அப்படியே சொல்கிறான். புத்தகத்தைக் கையில் கொடுத்தாலோ எழுத்துக் கூட்ட முடியாமல் திணறுகிறான். "மண்டுப் பயல், உங்களோடு மில்லுக்கே கூட்டிப் போங்கள்" என்று சொல்லி அனுப்பிவிட்டாராம் உபாத்தியாயர்!

இதற்கு டிஸ்லெக்சியா என்று பெயர். எழுத்தையும் ஒலியையும் இணைப்பதில் ஏற்படும் சிரமம். புத்திக் குறைவு அல்ல. பணக்காரன் பிள்ளைக்கு வந்தால்தான் இந்தப் பெயர். கூலிக்காரன் பிள்ளைக்கு வந்தால் மண்டு!

பாடத்தை உரக்க வாசித்து, வாசிக்கும் சொல்லை நிறமிட்டுக் காட்டும் கருவி இன்று உண்டு. பிள்ளை வாயால் சொன்னதை எழுத்தாக்கும் கருவியும் உண்டு. தமிழிலேயே உண்டு. "கருவி கொடுத்தால் பிள்ளை சோம்பேறியாகிவிடும்" என்கிறார்கள் சில மேதாவிகள். மில் முதலாளி தன் கணக்கைத் தானா எழுதுகிறார்? குமாஸ்தா எழுதுகிறார். அவரைச் சோம்பேறி என்று சொல்ல இந்த மேதாவிகளுக்கு நாக்கு எழுமா? மூக்குக்கண்ணாடியும் ஒரு கருவிதானே!

1995-ம் ஆண்டின் ஊனமுற்றோர் சட்டத்தில் இந்தக் குறைபாட்டின் பெயரே கிடையாது. 2016-ம் ஆண்டுச் சட்டத்தில்தான் சேர்த்தார்கள். கற்றல் குறைபாட்டைப் பள்ளிக்கூடமே சீக்கிரம் கண்டுபிடிக்க வேண்டும் என்கிறது அதன் 16-வது பிரிவு. 18 வயது வரை புத்தகமும் தகுந்த உதவிக் கருவியும் இலவசம் என்கிறது 17-வது பிரிவு. ஐந்தாண்டுக்கு ஒருமுறை பள்ளிப் பிள்ளைகளைக் கணக்கெடுக்க வேண்டும் என்றும் சொல்கிறது.

ஆனால் இதில் ஒரு முடிச்சு இருக்கிறது தோழர்களே! குறைபாடு 40 சதவீதத்துக்குக் குறையாது என்ற சான்று இருந்தால்தான் இலவசக் கருவி. சான்றுக்கு அலையும் ஒவ்வொரு நாளும் ஒரு நாள் கூலி போகிறது. நடவு வேலைக்குப் போகும் தாய் எத்தனை நாள் கூலியை இழப்பாள்? கண்டுபிடிக்க வேண்டிய பள்ளிக்கூடமே மண்டு என்று விரட்டினால், சான்று கேட்க வேண்டும் என்பதாவது அவளுக்கு எப்படித் தெரியும்?

பரிசோதனை செய்பவர் பள்ளிக்கு வரட்டும். சான்று அங்கேயே கிடைக்கட்டும். தமிழில் வாசிக்கும் கருவி சர்க்கார் செலவில் வகுப்புக்கு வரட்டும். 40-க்கு ஒன்றிரண்டு குறைந்தது என்று எந்தப் பிள்ளையையும் வெறுங்கையோடு திருப்பி அனுப்பக் கூடாது.

பள்ளி மேலாண்மைக் குழு கூடும் நாளில் பெற்றோர் நாலு பேர் சேர்ந்து போவோம். இரண்டே கேள்வி கேட்போம்: கணக்கெடுப்பு எந்தத் தேதியில் நடந்தது? அதில் நம் பிள்ளையின் பெயர் இருக்கிறதா? பதிலை எழுத்தில் வாங்குவோம்.