அருகிவரும் உயிர்களும் சிறுவர் புதினங்களும்

சிறுவர்க்கென எழுதப்பட்ட வீரச்செயற் கதைகளில் காடு என்பது நெடுங்காலம் வேட்டைக்களமாகவே விளங்கியது. விலங்கை வீழ்த்தியவனே வீரன் என்பது அக்கதைகள் புகட்டிய பாடம். வில்லர்டு பிரைஸ் 1949 முதல் 1980 வரை ஆங்கிலத்தில் எழுதிய 14 புதினங்களில் ஒரு மாற்றத்தைக் காண்கிறோம். அவற்றின் நாயகர்களாகிய ஹால், ரோஜர் என்னும் உடன்பிறந்தார் விலங்குகளை உயிருடன் பிடித்து உயிர்க்காட்சிசாலைகளுக்கு அனுப்புகின்றனர். துப்பாக்கி இருந்த இடத்தில் கூண்டு வந்தது. எனினும், காட்டிலிருந்து விலங்கை வெளியேற்றுவதே வீரம் என்னும் கருத்து மாறவில்லை.

அடுத்த படியை நம் நாட்டு எழுத்தாளர் ஒருவர் எடுத்து வைத்தார். அசாமைச் சேர்ந்த அருப் குமார் தத்தா 1970களின் இறுதியில் 'தி காசிரங்கா டிரெயில்' என்னும் சிறுவர் புதினத்தை எழுதினார். ஒற்றைக் கொம்புக் காண்டாமிருகங்களைக் கொன்று கொம்பைக் கவரும் கூட்டத்தை மூன்று சிறுவர்கள் கண்டுபிடிப்பதே கதை. இங்கே விலங்கை இருந்த இடத்திலேயே வாழவிடுவது வீரமாகிறது. இது போற்றத்தக்க மாற்றம் என்பதில் ஐயமில்லை.

ஆயினும், இத்தகைய கதைகள் பலவும் கயவர் கூட்டம் பிடிபட்டவுடன் முடிந்துவிடுகின்றன. உண்மை அவ்வளவில் முடிவதன்று. காண்டாமிருகக் கொம்பு நம் நகத்தில் உள்ள கெரட்டின் என்னும் பொருளால் ஆனதே. அதற்கு மருத்துவ ஆற்றல் உண்டென நம்பிப் பெரும்பொருள் கொடுப்போர் கடல் கடந்த நாடுகளில் இருக்கும்வரை, ஒருவன் சிறை சென்றால் மற்றொருவன் காட்டினுள் நுழைவான். 2021இல் அசாம் அரசு 2,479 கொம்புகளைத் தீயிட்டு எரித்தது, இப்பொருளுக்கு மதிப்பில்லை என உலகுக்கு உணர்த்துவதற்கே. 2022 கணக்கெடுப்பில் காசிரங்காவில் 2,613 காண்டாமிருகங்கள் இருந்தன. இது பல்லாண்டுக் காவலின் பயன்.

அக்காவலுக்கு மனிதர் தந்த விலையும் உண்டு. 2016இல் காசிரங்காவின் ஓரத்தில் வாழும் பழங்குடிச் சிறுவன் ஒருவன் வனக்காவலரின் குண்டு பட்டுக் கால் முடமானான். காட்டோரத்து மக்களை ஐயத்திற்குரியவராகவே தீட்டும் கதைகளைப் படித்து வளரும் குழந்தை, அச்சிறுவனுக்காக இரங்குமா? விலங்கின்பால் அன்பை வளர்க்கும் நூல் மனிதர்பால் வெறுப்பை விதைத்தல் தகுமா?

"கயவன் இல்லையேல் கதையில் விறுவிறுப்பு ஏது?" எனச் சிலர் வினவலாம். விடை நம் கடற்கரையிலேயே இருக்கிறது. பாக் நீரிணையின் கடற்புல்லை மேய்ந்து வாழும் ஆவுளியா எனப்படும் கடற்பசு, அருகிவரும் உயிரினம். மூச்சுவிட நீர்மட்டத்திற்கு வந்தாக வேண்டிய அது, வலையில் சிக்கினால் மூழ்கி மடியும். அதனைக் கொல்லும் எண்ணம் மீனவர்க்கு இல்லை. வலை விரித்தது மீனுக்கே. வலையில் அகப்பட்ட கடற்பசுவை மீண்டும் கடலில் விட்ட மீனவர் பலர். 2022இல் தமிழக அரசு 448 சதுர கிலோமீட்டர் பரப்பை அதன் பாதுகாப்பகமாக அறிவித்தது.

நடுக்கடல். கடன் வாங்கி வாங்கிய வலை. அதனுள் மூச்சுக்குத் தவிக்கும் உயிர். வலையை அறுப்பதா, அன்றன்றைய சோற்றைக் காப்பதா? தந்தையின் முகத்தையே நோக்கி நிற்கும் சிறுமி. இதனினும் விறுவிறுப்பான காட்சியை எந்தக் கயவனால் தர இயலும்?

தமிழ் பயிலும் மாணவர்காள்! நாளை நீங்கள் சிறுவர்க்கு எழுத முற்படுங்கால் கயவனைத் தேடி அலைய வேண்டா. காட்டோரத்தும் கடலோரத்தும் வாழ்வோரைக் கேட்டு எழுதுங்கள். விலங்கும் வாழ வேண்டும், அதன் அருகில் வாழும் ஏழையும் வாழ வேண்டும் என்று ஒருங்கே எண்ணக் கற்ற குழந்தையே நாளை இரண்டையும் காக்கும்.