வந்தவர்களைக் கொண்டாடுகிறோம், போனவர்களை ஏன் பழிக்கிறோம்?

கொத்மலை உறவுகளே, கொஞ்சம் நீளமான பதிவு. பெற்றோர் கூட்டம் முடிந்த வாரம் என்பதால் மனதில் கிடப்பதை எழுதிவிடுகிறேன். நேரம் எடுத்து வாசியுங்கள்.

2023இல் மலையக மக்கள் இந்த மண்ணுக்கு வந்து 200 வருடம் என்று நினைவுகூர்ந்தோம். தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை நடைபயணம் போனார்கள். தமிழ்நாட்டிலிருந்து கடல் தாண்டி, மன்னார்க் காட்டுவழியே நடந்து, நோயிலும் பசியிலும் உறவுகளைப் பறிகொடுத்து வந்து சேர்ந்தவர்களைப் பற்றி மேடைக்கு மேடை பேசினோம். ஆரம்பகாலக் கோப்பித் தோட்டங்களில் ஒன்று நம் பக்கத்துக் கம்பளையில், சின்னப்பிட்டியில்தான் இருந்தது. வறுமைக்குப் பயந்து ஊரைவிட்டு வந்தவர்கள் என்று யாரும் அவர்களைக் குறைசொல்லவில்லை. குடும்பத்தைக் காப்பாற்ற வந்தவர்கள் என்றுதான் சொன்னோம். அதுதான் உண்மையும்.

அதே வம்சத்தில் பிறந்த ஒரு பெண் இன்று நம் தோட்டத்திலிருந்து ரியாத்துக்கோ குவைத்துக்கோ வீட்டுவேலைக்குப் போகிறாள். அவளைப் பற்றி என்ன சொல்கிறோம்? "புள்ளைகள விட்டுட்டுப் போயிட்டா." கடைத்தெருவில் சொல்கிறோம், பீலிக்கரையில் சொல்கிறோம். ஆசிரியர் அறையிலும் இந்தப் பேச்சு இருக்கிறது. அதை மறைக்க முடியாது.

அவள் ஏன் போனாள்? ஒரு நாள் பெயருக்கு ஆயிரம் ரூபாய் கேட்டு வருடக்கணக்காகப் போராடி, 2021இல்தான் அது வர்த்தமானியில் வந்தது. அது கைக்கு வருவதற்குள் அரிசி, மா, கேஸ் விலை எங்கே போனது என்று எல்லோருக்கும் தெரியும். லயத்துக் கூரைக்குத் தகரம் வேண்டும். பிள்ளைக்கு வகுப்புக் காசு வேண்டும். அடகில் கிடக்கும் நகையை மீட்க வேண்டும். கங்காணியின் பேச்சைக் கேட்டு அன்று தோணி ஏறிய பாட்டனுக்கும், ஏஜென்சிக்காரனின் பேச்சைக் கேட்டு இன்று விமானம் ஏறும் பேத்திக்கும் காரணம் ஒன்றுதான்.

பிரிவும் நமக்குப் புதிதல்ல. 1948 பிரஜாவுரிமைச் சட்டம் இலட்சக்கணக்கானவர்களை நாடற்றவர்களாக்கியது. 1964இல் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று ஆட்களை எண்ணிப் பங்கு போட்டது. அண்ணன் கோத்தகிரியில், தங்கச்சி கொத்மலையில் என்று குடும்பங்கள் உடைந்தன. தலைமன்னாருக்கு ஆட்களை ஏற்றிப்போன ரயிலுக்கு நம் மக்கள் வைத்த பெயர் 'ஒப்பாரி கோச்சி'. கொத்மலை நீர்த்தேக்கத்துக்காகச் சிங்களக் கிராமங்கள் நீரில் மூழ்கியபோது நம் அயலவர்களும் வீடு வாசலை விட்டு மகாவலிக் குடியேற்றங்களுக்குப் போனார்கள். தண்ணீர் வற்றும் காலத்தில் பழைய கடதொர விகாரையின் மிச்சம் தலைகாட்டும்போது அவர்களும் வந்து பார்த்துவிட்டுத்தான் போகிறார்கள். எங்கள் முஸ்லிம் வீடுகளிலும் சவூதிக்கோ கட்டாருக்கோ போகாத குடும்பத்தைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். போவதும் பிரிவதும் இந்த மலையில் எல்லாச் சாதிசனத்துக்கும் தெரிந்த வாழ்க்கை.

இத்தனை பிரிவுக்குப் பிறகும் இந்தக் குடும்பங்கள் எப்படி நின்றன? தாய், தகப்பன், பிள்ளை என்று மூன்று பேரோடு அவை முடிந்துவிடாததால்தான் நின்றன. தோட்டத்துத் தாய் எந்தக் காலத்தில் பகல் முழுக்க வீட்டில் இருந்தாள்? விடியப் பெரட்டுக்குப் போனால் கொழுந்து நிறுத்துவிட்டுத்தான் வருவாள். கைப்பிள்ளை பிள்ளைமடுவத்தில் ஆயாவின் கையில் இருக்கும். பள்ளி விட்டு வரும் பிள்ளைக்கு அம்மாயி ரொட்டி சுட்டு வைத்திருப்பாள். பக்கத்துக் காம்பரா சித்தி தலை சீவிவிடுவாள். பெரியம்மா பிள்ளையும் 'அண்ணன்'தான், அடுத்த லயத்துப் பிள்ளையும் 'அண்ணன்'தான். எங்கள் மார்க்கத்திலும் இது புதிதல்ல. நபி (ஸல்) அவர்களே பாட்டனார் அப்துல் முத்தலிபிடமும், பிறகு பெரிய தந்தை அபூதாலிபிடமும் வளர்ந்தவர்கள். அம்மாயி வளர்க்கும் பிள்ளையை அநாதைபோலப் பார்க்க வேண்டிய அவசியம் எங்கிருந்து வந்தது?

அரசாங்கத்தின் பார்வையும் இப்படித்தான் இருந்தது. 2013 ஜனவரியில் மூதூர் றிசானா நபீக்குக்குச் சவூதியில் மரண தண்டனை நிறைவேற்றப்பட்டது. வயதைக் கூட்டிக் காட்டிய கடவுச்சீட்டில் 2005இல் அனுப்பப்பட்ட சிறுமி அவள். நாடே அழுதது. அந்த வருடமே 'குடும்பப் பின்னணி அறிக்கை' கட்டாயமானது. 5 வயதுக்குக் குறைந்த பிள்ளையுள்ள தாய் போக முடியாது. மற்றவர்கள் பிள்ளையை யார் பார்ப்பது என்று காட்ட வேண்டும். 2022இல்தான் அந்த வயதெல்லையை 2 ஆகக் குறைத்தார்கள். பிள்ளையின் பாதுகாப்பைப் பற்றிக் கேட்பது நியாயம். ஆனால் வெளிநாடு போகும் தகப்பனிடம் இந்த அறிக்கையை யாரும் கேட்கவில்லை. றிசானாவை அனுப்பிய போலிப் பத்திர வியாபாரத்தைப் பிடிப்பதை விட்டுவிட்டு, தாயின் வாசலில் காவல் வைத்தார்கள்.

இந்தப் பேச்சு வகுப்பறைக்குள் வந்தால் என்ன ஆகும் என்பதற்கு ஒரு உதாரணம். பாடசாலையின் பெயர் வேண்டாம். எட்டாம் தரத்தில் ஒரு பெண்பிள்ளை ஏதோ சின்னக் குழப்படி செய்தது. "அம்மாவக் கூட்டிக்கிட்டு வா, இல்லாட்டி வகுப்புக்கு வராத" என்று சொல்லிவிட்டார்கள். தாய் ஜோர்தானில். பிள்ளை மூன்று வாரம் பள்ளிப்பக்கம் வரவில்லை. கடைசியில் அம்மாயி அன்றைய கைக்காசுக் கொழுந்தை விட்டுவிட்டு வந்தார். "நீங்க கார்டியன் இல்லயே" என்று வாசலில் நிற்க வைத்தார்கள். ஏழு வருடமாக அந்தப் பிள்ளைக்குச் சோறாக்கிப் போடும் மனுசி அவர். அவர் கார்டியன் இல்லையென்றால் வேறு யார்?

இதில் நோவே இல்லை என்று நான் சொல்லவரவில்லை. இருக்கிறது. அனுப்பும் காசு சாராயக் கடைக்குப் போகும் வீடுகள் இருக்கின்றன. மூத்த மகளே 'சின்ன அம்மா'வாகி, தம்பி தங்கச்சியைப் பார்ப்பதற்காகச் சாதாரண தரம் எழுதாமலே நின்றுவிடும் வீடுகளும் இருக்கின்றன. பிள்ளைகளுக்குக் கெடுதல் செய்யும் ஆட்களும் உறவுக்குள்ளேயே இருக்கலாம். அதனால்தான் சொல்கிறேன், போன தாயை ஏசிக்கொண்டிருப்பதில் நேரத்தைக் கழிக்காமல், இருக்கும் பலத்தைப் பிடித்துக்கொண்டு வேலை செய்வோம்.

ஆசிரியர்களே, பெற்றோர் கூட்டத்தை வேலைநாள் காலையில் வைத்தால் வருகிறவர் ஒரு நாள் பெயரை இழக்கிறார். ஞாயிற்றுக்கிழமை வைக்கலாம். பிள்ளையை உண்மையில் வளர்ப்பவரின் பெயரை வருட ஆரம்பத்திலேயே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். தாய்க்கு ஓய்வு கிடைக்கும் நேரம் பார்த்து, பிள்ளையின் புள்ளிகளை வட்ஸ்அப்பில் ஒரு குரல்பதிவாக அனுப்புங்கள். இரண்டு நிமிட வேலை. அங்கே சமையலறையில் நிற்பவளுக்கு அது பெரிய விசயம்.

தகப்பன்மாரே, மனைவி வெளிநாட்டில் இருக்கும்போது மகளின் கையில் அகப்பையைக் கொடுத்துவிட்டு நீங்கள் ரோட்டில் நிற்காதீர்கள். சோறு சமைத்தால் ஆம்பிளைத்தனம் குறையாது. வரும் காசில் ஒரு பங்கு அவள் பெயரில் வங்கியில் இருக்கட்டும்.

போக நினைக்கும் சகோதரிகளே, வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தில் பதியாமல் போகாதீர்கள். வயதிலோ பெயரிலோ ஒரு எழுத்துக்கூடப் பொய் வேண்டாம். கடவுச்சீட்டு, ஒப்பந்தம், ஏஜென்சி விலாசம், வேலைக்குப் போகும் வீட்டின் தொலைபேசி இலக்கம் எல்லாவற்றிலும் ஒரு பிரதி வீட்டில் இருக்க வேண்டும். ஏன் போகிறீர்கள் என்று பிள்ளையிடம் நீங்களே சொல்லிவிட்டுப் போங்கள். மற்றவர்கள் வேறு கதை சொல்லும்வரை விடாதீர்கள்.

இன்னொன்று. 'இந்தியத் தமிழர்' வேண்டாம், 'மலையகத் தமிழர்' என்று பதிய வேண்டும் என்று இவ்வளவு பேசுகிறோம். பெயர் முக்கியம்தான். ஆனால் அந்தப் பெயருக்குள் இருக்கும் சரக்கு யாரிடம் இருக்கிறது? கையெழுத்துப் போடத் தெரியாத அம்மாயியிடம்தான். குடும்பம் திருச்சிப் பக்கமா, புதுக்கோட்டைப் பக்கமா, எந்தத் தோட்டத்திலிருந்து எந்தத் தோட்டத்துக்கு மாறியது, ஒப்பாரி கோச்சியில் யார் போனது, மாசியில் காமன்கூத்துக்கு எந்த வீட்டில் வேஷம் கட்டினார்கள் என்பதெல்லாம் அவர் வாயில் இருக்கிறது. தாய் தூரத்தில் இருக்கும் பிள்ளைக்கு இந்தக் கதை இன்னும் அதிகமாக வேண்டும். நம் குடும்பம் இதற்கு முன்னும் பிரிந்தது, பிரிந்தும் அழியவில்லை என்று அந்தப் பிள்ளைக்குத் தெரிய வேண்டும். 'என் குடும்பம்' என்று கட்டுரை எழுதச் சொல்லும்போது, அம்மாயியிடம் கேட்டு எழுதிவரச் சொல்லுங்கள். என் வகுப்பில் இந்தத் தவணையிலிருந்து அப்படித்தான்.

அடுத்த கூட்டத்தில் பின்வாங்கில் முக்காட்டோடோ சீலைத் தலைப்போடோ ஒரு கிழவி ஒதுங்கி உட்கார்ந்திருந்தால் முன்னுக்குக் கூப்பிட்டு உட்கார வையுங்கள். பிள்ளையைப் பற்றி அவரிடமே பேசுங்கள்.

உங்கள் தோட்டத்தில், உங்கள் தெருவில் இப்படி நல்லபடியாகப் பிள்ளை வளர்க்கும் அம்மாயி, அப்பாயி, சித்தி, மாமிமார் இருந்தால் கீழே எழுதுங்கள். பிள்ளைகளின் பெயர் மட்டும் வேண்டாம்.