ஆற்றங்கரையில் ஐம்பது ஆம்பியர்

அத்தான் ஜனவரி 15-ம் தேதி ராத்திரி எட்டு மணிக்கு கலிஃபோர்னியாவிலிருந்து போன் பண்ணினார். அவருக்கு அது காலை ஆறரை.

"தம்பி, கம்ப்யூட்டரை ஆன் பண்ணு. எட்டரை ஆன உடனே க்ளிக் பண்ணணும். உன் ஃப்ரெண்ட்ஸ் யாராச்சும் இருந்தா அவங்களையும் உக்காரச் சொல்லு."

நான் ஏதோ ஷேர் வெளியீடு என்று நினைத்தேன். (பி.காம். படித்தவனுக்கு வேறு என்ன தோன்றும்?) விஷயம் அதுவல்ல. யோசெமிட்டி பள்ளத்தாக்கில், மெர்செட் ஆற்றங்கரையில் வண்டி நிறுத்திக்கொள்ள இரண்டு ராத்திரிக்கு இடம் பிடிக்க வேண்டும். ஐந்து மாசத்துக்கு முன்னால், அங்கே காலை 7 மணிக்கு ரிசர்வேஷன் திறக்கும். சில நிமிஷங்களில் காலி. நம்ம தட்கலில் பல வருஷம் பழகிய விரல் இல்லையா? கிடைத்துவிட்டது. ஒரு ராத்திரிக்கு 36 டாலர். அமெரிக்காவிலேயே பிறந்து வளர்ந்தவர்களை மாம்பலத்திலிருந்து தோற்கடித்த பெருமையில் அன்றைக்கு இரண்டு தோசை அதிகமாகச் சாப்பிட்டேன்.

கொண்டாட்டம் பத்து நாள்தான். அம்மா அப்பாவைக் கூட்டிக்கொண்டு ஜூனில் போவதாக ஏற்பாடு. அப்பாவுக்குத் தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வரும் கோளாறு. ராத்திரி மூக்கில் மாஸ்க் மாட்டி, காற்றடிக்கும் மிஷினோடுதான் படுக்க வேண்டும். 'ஒரு ராத்திரிகூட விடக்கூடாது' என்பது டாக்டர் உத்தரவு. மிஷினுக்குக் கரண்ட் வேண்டும். பள்ளத்தாக்குக்குள் இருக்கும் முகாம்களில் வண்டிக்குக் கரண்ட் கனெக்ஷன் கிடையாது. தண்ணீர்க் கனெக்ஷனும் கிடையாது. ஜெனரேட்டர் ஓட்டலாம், ஆனால் காலை 7-9, மதியம் 12-2, மாலை 5-7. அதற்குமேல் ஓட்டினால் அடுத்த டெண்ட்காரர் சும்மா இருக்க மாட்டார்.

இதெல்லாம் க்ளிக் பண்ணுவதற்கு முன்னால் பார்த்திருக்க வேண்டியது. யார் பார்த்தது? எல்லாரும் அந்த அருவி போட்டோவைத்தான் பார்த்தோம்.

அக்கா உடனே, "கேன்ஸல் பண்ணிடு" என்றாள். மாரிப்போசா பக்கம் தனியார் முகாம்கள் இருக்கின்றன. முப்பது ஆம்பியர் கரண்ட், தண்ணீர்க் குழாய், சாக்கடைக் கனெக்ஷன், வென்னீர்க் குளியல் எல்லாம் உண்டு. ஆனால் அங்கிருந்து பள்ளத்தாக்குக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் ஓட்ட வேண்டும்.

அப்பா பொதுப்பணித் துறையில் முப்பத்துமூணு வருஷம் இருந்தவர். ஆறு என்றால் அவருக்குத் தனி பாசம். 1992 வெள்ளத்தில் தாமிரபரணிக் கரையில் ராத்திரி பூராவும் நின்ற கதையை எங்கள் வீட்டுக்கு வரும் கேஸ் சிலிண்டர் பையன் வரை எல்லோரும் கேட்டிருக்கிறார்கள். "ஆத்தைப் பாக்கறதுக்கு அம்புட்டு தூரம் போயி, ராத்திரி ஹைவேயில லாரி சத்தம் கேட்டுட்டுப் படுக்கவா?" என்றார். அத்தோடு ஒரு கேள்வியும் கேட்டார்: "அங்க வெள்ளம் வந்தா தண்ணி எது வரைக்கும் ஏறும்?"

அத்தான் விசாரித்துச் சொன்னார். 1997 ஜனவரியில், மலையில் கிடந்த பனி மேல் வெதுவெதுப்பான மழை கொட்டி, மெர்செட் பள்ளத்தாக்கையே மூழ்கடித்துவிட்டதாம். ஆற்றை ஒட்டியிருந்த இரண்டு முகாம்கள் அத்தோடு போயின. எது வரை தண்ணீர் வந்தது என்று இப்போதும் அங்கங்கே அடையாளப் பலகை நட்டு வைத்திருக்கிறார்கள். அப்பாவுக்கு அந்த ஊர்மேல் மரியாதை வந்துவிட்டது. "பலகை வச்சிருக்கானா? அப்ப நல்ல நிர்வாகம்தான். ஜூன்ல அந்த மாதிரி மழை வராதுல்ல? போவோம்."

மிஷின்? அங்கேதான் என் பி.காம். கை கொடுத்தது.

வாடகை வண்டி 25 அடி நீளம். (எங்கள் இடத்துக்கு எத்தனை அடி வண்டி வரை அனுமதி என்று இந்த முறை முதலில் பார்த்தோம்.) உள்ளே ஒரு பேட்டரி, நூறு ஆம்பியர்-மணி. ஆனால் அதில் பாதிக்குமேல் எடுத்தால் பேட்டரி சீக்கிரம் கெட்டுப்போகும். மினிமம் பேலன்ஸ் மாதிரி! ஆக, கையிருப்பு ஐம்பது. காற்றை ஈரமாக்கும் பகுதியை நிறுத்திவிட்டால் அப்பாவின் மிஷின் மணிக்கு மூன்று. எட்டு மணி நேரத்துக்கு இருபத்துநாலு. ஹீட்டர் எரிவது காஸில்தான். ஆனால் அதன் விசிறி மணிக்கு ஏழு. நாலு மணி நேரம் ஓடினால் இருபத்தெட்டு. கூட்டினால் ஐம்பத்திரண்டு. லைட்டும் தண்ணீர் பம்பும் சேர்க்காமலே துண்டு விழுகிறது.

"ஹீட்டரைப் போடாம இருந்தா?" என்றாள் அம்மா. ஸி.ஏ. படித்தவர்கூட இவ்வளவு சட்டென்று ஆடிட் பண்ண மாட்டார். கடலை விட நாலாயிரம் அடி உயரம்; ஜூன் ராத்திரியிலும் ஊட்டிக் குளிர் இருக்கும். அம்மா ஆளுக்கு இரண்டு கம்பளி எடுத்து வைத்துவிட்டாள்.

போய்ச் சேர்ந்தோம். 140-ம் நெடுஞ்சாலை கடைசி வரை ஆற்றோடு கூடவே போகிறது. நம் கொல்லிமலை டிரைவர்கள் பார்த்தால் 'இதெல்லாம் ஒரு மலை ரோடா?' என்று சிரிப்பார்கள். பெரிய வண்டிக்கு அதுதான் நிம்மதி.

முகாமில் முதல் பிரச்னை கரடி. வாசனை வரும் எதையும் வெளியே வைக்கக்கூடாது. சாப்பாடு மட்டுமில்லை, பற்பசை, சோப்பு உட்பட. இரும்புப் பெட்டி கொடுத்திருக்கிறார்கள். எங்கள் வண்டி மாதிரி கெட்டிச் சுவர் உள்ளதென்றால் ஜன்னலைச் சாத்திவிட்டு உள்ளேயும் வைத்துக்கொள்ளலாம். "அமிர்தாஞ்சன்?" என்று அம்மா கேட்டாள். அதுவும்தான். "விபூதி?" அத்தான் பதில் சொல்ல முடியாமல் அக்காவைப் பார்த்தார்.

இரண்டாவது பிரச்னை குளியல். முகாமில் கழிப்பறை உண்டு, குளியலறை கிடையாது. கொஞ்ச தூரம் போக வேண்டும். ஊர்ப் பெயர் கறி வில்லேஜ். "வெள்ளிக்கிழமையும் அதுவுமா அங்க போயா தல முழுகணும்?" என்று அம்மா மறுத்துவிட்டாள். அது 1899-ல் அங்கே முதல் கூடாரம் போட்ட தம்பதியின் குடும்பப் பெயர், மட்டனுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்று புரியவைக்க அரை மணி நேரம் ஆயிற்று.

மூன்றாவதைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். வண்டிக்கு அடியில் மூன்று தொட்டிகள். ஒன்றில் நல்ல தண்ணீர், ஒன்றில் குளித்த, கழுவிய தண்ணீர், ஒன்றில்... வேண்டாம். கடைசி இரண்டையும் ரொம்புவதற்குள் அதற்கென்று உள்ள இடத்தில் குழாய் மாட்டிக் காலி பண்ண வேண்டும். அப்படி ஒரு இடம் பக்கத்து முகாமிலேயே இருக்கிறதா என்பதை அருவி போட்டோவுக்கு முன்னால் பார்க்க வேண்டும். இருந்தது. குழாய் பிடித்தவன் நான். மாப்பிள்ளையைப் பிடிக்கச் சொல்ல முடியுமா?

முதல் ராத்திரி கணக்கு அப்படியே டேலி ஆயிற்று. அப்பா அசந்து தூங்கினார். காலையில் பேட்டரி மீட்டரைப் பார்த்து நான் அடைந்த சந்தோஷத்தை மார்ச் 31 ராத்திரி கணக்கு முடித்தவர்கள் மட்டுமே புரிந்துகொள்வார்கள்.

இரண்டாம் ராத்திரி ஒரு மணிக்குக் குளிர் தாங்கவில்லை. ஒரு மணி நேரம் ஹீட்டர் போட்டால் ஏழுதானே போகும் என்று சத்தமில்லாமல் சுவிட்சைத் தட்டினேன். தட்டிவிட்டுத் தூங்கிவிட்டேன்.

நாலு மணிக்கு முழிப்பு. மிஷின் சத்தம் இல்லை. மாஸ்க் தலையணை மேல் கிடக்கிறது. அப்பா இல்லை.

நூறடியில் ஆறு. பனி உருகி ஓடுகிற தண்ணீர். விழுந்தால் ஐஸ் குளிர், இழுக்கிற வேகம். செருப்பில்லாமல் ஓடினேன். கரையிலிருந்து தள்ளி, பைன் மரத்தடிப் பெஞ்சில் கம்பளியைப் போர்த்திக்கொண்டு, டார்ச்சோடு உட்கார்ந்திருந்தார்.

"சாயங்காலம் பாத்தேன்லா, அந்தப் பாறை? இப்ப முங்கிட்டு பாரு" என்றார். "மழை இல்ல, ஒண்ணும் இல்ல. ராத்திரி தண்ணி ஏறுது. எப்படி?"

எனக்கு மூச்சு வாங்கியது. தெரியவில்லை என்றேன்.

"பகல்ல மேல உருகுன பனி, கீழ வந்து சேர ராத்திரியாயிடுதுடே. அதான்."

முப்பத்துமூணு வருஷம் மழை ஆற்றையே பார்த்தவர் முகத்தில், புதுசாக ஒரு ஆற்றைப் பார்த்த சந்தோஷம். நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். ஏழு மணிக்கு ஜெனரேட்டர் போடும் வரை அவர் படுக்க முடியாது. கம்பளியின் ஒரு முனையை என் பக்கம் தள்ளினார். விடிய விடியப் பாறை மெல்லத் தலை தூக்குகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தோம்.

ரொம்ப நேரம் கழித்துக் கேட்டார்: "ஹீட்டரைப் போட்டது யாருடே?"

"அத்தானா இருக்கும்ப்பா" என்றேன்.