மிதக்கிறவன் கையெழுத்து

"ஏசி போட்ட கடையில ஏதுங்க சாதி?" என்று கேட்கிற தோழர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். கேட்பவர்களில் பாதிப்பேர் முற்போக்காளர்கள். நகரம் சாதியைக் கரைத்துவிடும், நகரம் முடியாவிட்டால் கம்பெனி கரைத்துவிடும் என்று நம்புகிறவர்கள்.

எம்.ஏ. தமிழ் நான் பிற்பாடு அஞ்சல் வழியில் படித்தது. அதற்கு முன்னால் நான் பார்மசிஸ்ட். காட்டுமன்னார்கோயில் பக்கத்துச் சேரியிலிருந்து போய் டி.பார்ம் முடித்து, 2013இல் சென்னையில் ஒரு மருந்துக்கடைச் சங்கிலியில் சேர்ந்தேன். படிக்க இடம் 18 சதவீதத்தில் கிடைத்தது. தனியார் வேலையில் அந்தச் சதவீதம் கிடையாது. அங்கே கணக்கு வேற.

'ஃப்ளோட்டிங்' என்றார்கள். எனக்கென்று கடை இல்லை. காலையில் ஆறரைக்குப் போன் வரும். இன்னிக்கு அடையாறு, நாளைக்கு உஸ்மான் ரோடு, மறுநாள் லஸ். எவன் லீவோ அவன் இடத்தில் நான் போய் நிற்க வேண்டும். மருந்துச்சீட்டு மருந்தைப் பதிவுபெற்ற பார்மசிஸ்ட்டின் மேற்பார்வையில்தான் கொடுக்க வேண்டும் என்பது 1945ஆம் வருஷத்து விதி. பதிவில்லாதவன் கொடுத்தால் குற்றம் என்கிறது 1948ஆம் வருஷத்துச் சட்டம். ஆக, கம்பெனிக்கு வேண்டியது நானில்லை, என் பதிவு எண். ஆளைக் குறைத்துக் கடையைப் பெருக்க, என்னை மாதிரி நாலு பேரை மிதக்க விட்டால் போதும்.

2014 மார்ச்சில் எச்1 பதிவேடு வந்தது. டி.பி. மருந்து, வீரியமான ஆன்டிபயாட்டிக் எல்லாவற்றுக்கும் டாக்டர் பேர், நோயாளி பேர், அளவு எழுதி மூன்று வருஷம் வைத்திருக்க வேண்டும். நல்ல ஏற்பாடுதான், குறை சொல்லவில்லை. ஆனால் புதுக்கடையில் கால் வைத்ததும் என் முன்னால் நீட்டப்படுவது முந்தின நாள் பக்கம். "சும்மா ஒரு சைன் போடு தம்பி." நான் பார்க்காத சீட்டு, நான் கொடுக்காத மருந்து. மாட்டினால் என் பேர். முடியாதுன்னேன். பத்து நாள் ராத்திரி ஷிப்ட் போட்டான்.

இப்போது மயிலாப்பூருக்கு வருகிறேன். குளத்துக்குக் கிட்ட ஒரு கடை. சர்க்கரைக்கும் பிரஷருக்கும் மாதாமாதம் வாங்குகிற பெரியவர், "தம்பிக்கு எந்த ஊரு?" என்றார். சொன்னேன். "ஊருக்குள்ளேயேவா?" இந்தக் கேள்விக்கு அர்த்தம் தெரியாத தலித் எவனும் இல்லை. "இல்ல சார், காலனி" என்றேன். மறுநாள் பணத்தைக் கண்ணாடி மேல் வைத்தார். மிச்சத்தையும் கண்ணாடி மேலேயே வைக்கச் சொன்னார். மூணாம் நாள் ஏரியா மேனேஜர் போன்: "அங்க கஸ்டமர்லாம் கொஞ்சம் ஒரு மாதிரிப்பா. நீ தி.நகர்லயே இருந்துக்க." யார் என்ன சொன்னார்கள் என்று கடைசிவரை சொல்லவில்லை.

அட்டையிலிருந்து மாத்திரையைக் கத்தரித்துக் கவரில் போட்டது இதே கைதான். அது அவர் தொண்டையில் இறங்கியது. அஞ்சு ரூபாய்க் காசு மட்டும் இறங்கவில்லை. காந்தியின் 'யங் இந்தியா'வில் 1929இல் வந்த ஒரு கடிதத்தை அம்பேத்கர் எடுத்துக்காட்டுகிறார். கத்தியவாரில் ஒரு தலித் ஆசிரியரின் மனைவி பிள்ளை பெற்று நோயில் கிடக்கிறாள். வந்த டாக்டர் தெர்மாமீட்டரை ஒரு முஸ்லிமிடம் கொடுக்கிறார், அவர் கணவனிடம், கணவன் அவளிடம். வந்த வழியே அது திரும்புகிறது. அவள் செத்துப்போனாள். அங்கே வைத்தியன் நோயாளியைத் தொடவில்லை, இங்கே நோயாளி வைத்தியம் தருகிறவனைத் தொடவில்லை. தீட்டுக்குச் சுத்தமும் தெரியாது, மருத்துவமும் தெரியாது. தனக்கு எங்கே கட்டுப்படியாகும் என்பது மட்டும் நன்றாகத் தெரியும்.

பஸ்ஸில் ராயப்பேட்டையைத் தாண்டும்போதெல்லாம் அயோத்திதாசப் பண்டிதர் ஞாபகம் வரும். அங்கே சித்த வைத்தியம் பார்த்தவர், 1907இல் 'ஒரு பைசாத் தமிழன்' தொடங்கியவர். எங்க கைக்கு மருந்து புதுசில்லை, தோழர்களே.

அந்த வேலையை விட்டு வருஷங்கள் ஆயிற்று. கடை ஊழியருக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்று 2021இல் தமிழ்நாட்டில் சட்டத்தைத் திருத்தினார்கள். போன மாதம் தி.நகரில் ஒரு மருந்துக்கடைக்குப் போனேன். புதுசாகச் சேர்ந்த பொண்ணு, இவளும் ஃப்ளோட்டர், காலை மாற்றி மாற்றி நின்றாள். "ஸ்டூல் குடுக்கலியாம்மா?" என்றேன். மூலையைக் காட்டினாள். ஸ்டூல் இருந்தது, அதன் மேல் குளுக்கோஸ் பெட்டி அடுக்கியிருந்தது. "இறக்கி வச்சா திட்டுவாங்கண்ணா. நாளைக்கு நான் எந்தக் கடையோ" என்றாள்.