குப்பை மலைக்குள் தண்ணீரை ஏற்றினால் என்ன ஆகும்? பொகோட்டாவில் 1997-ல் நடந்தது இதுதான்!

1997 செப்டம்பர் 27. கொலம்பியாவின் தலைநகர் பொகோட்டாவின் குப்பையெல்லாம் போய்ச் சேரும் டோனியா ஹுவானா கிடங்கில், ஒரு குப்பைச் சரிவு அப்படியே நகர ஆரம்பித்தது. சுமார் 8 லட்சம் கன மீட்டர் குப்பை சரிந்து, அருகில் ஓடும் துன்ஹுவேலோ ஆற்றை அடைத்தது. சுற்றுவட்டார மக்கள் தொடுத்த வழக்கில் 2012-ல்தான் இழப்பீட்டுத் தீர்ப்பு வந்தது.

பின்னர் ஆராய்ந்த பொறியாளர்கள் முக்கியக் காரணமாகக் கை காட்டியது, குப்பைக்குள் அழுத்தத்துடன் திரும்பச் செலுத்தப்பட்ட கசிவுநீரை.

ஏன் திரும்பச் செலுத்த வேண்டும்?

குப்பையை மூடி உலர வைத்தால் மக்குவதற்குப் பல பத்தாண்டுகள் ஆகும். அடியில் வடியும் கசிவுநீரைப் பம்ப் செய்து மறுபடி உள்ளே விட்டால், பாக்டீரியாக்கள் வேகமாக வேலை செய்யும். மீத்தேன் சீக்கிரம் கிடைக்கும், குப்பை அமுங்கி இடமும் மிச்சமாகும். இதுதான் ‘பயோரியாக்டர்’ கிடங்கு. ஈரப்பதம் 35 முதல் 65 சதவீதம் வரை இருப்பது நல்லது என்கிறது அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை.

கேட்க நல்லாத்தான் இருக்கு. சிக்கல் பைப்பில் இருக்கிறது.

பைப்பில் அப்படி என்ன இருக்கு?

குப்பைக்குள் வாய்க்கால் போலத் தோண்டி, ஜல்லி நிரப்பி, நடுவில் துளையிட்ட ஹெச்டிபிஇ குழாயைப் பதிப்பது வழக்கமான முறை. துளைகள் பெரிதாக இருந்தால் பம்ப் பக்கத்துத் துளைகளே தண்ணீரை முழுங்கிவிடும், கடைசி வரை எதுவும் போகாது. தெருக்கோடி வீட்டுக்குக் குடிநீர் வராத அதே கதை! துளைகளைச் சிறிதாக்கினால் தண்ணீர் சமமாகப் பிரியும். ஆனால் சுண்ணாம்பு உப்பும் பாக்டீரியா படலமும் அவற்றைச் சீக்கிரம் அடைத்துவிடும். அடைப்பை மீறித் தள்ள பம்ப் அழுத்தத்தைக் கூட்டத் தோன்றும். ஆபத்து அங்கேதான்.

குப்பை மலை நிற்பது, துண்டுகளுக்கு இடையிலான உராய்வால். இடைவெளிகளில் நீரின் அழுத்தம் ஏறினால் அது குப்பையின் எடையைத் தாங்கிக்கொள்ளும், உராய்வு குறையும். வெளியேற வழியில்லாத வாயுவும் சேர்ந்து தள்ளும். பிறகு சரிவு வழுக்க அதிக நேரம் பிடிக்காது.

அதனால்தான் மலையின் ஓரச் சரிவுக்கு அருகே வரும் பகுதியில் துளையே இல்லாத குழாயைப் போடுகிறார்கள். தொடர்ந்து ஊற்றாமல் விட்டுவிட்டுச் செலுத்துகிறார்கள். உள்ளே நீரழுத்த மானிகளைப் பதித்துக் கண்காணிக்கிறார்கள். குப்பை அமுங்கும்போது குழாயும் வளையும் என்பதால், இணைப்புகளை உருக்கி ஒட்டுகிறார்கள். அடித்தள விரிப்பின் மேல் தேங்கும் நீர் 30 செ.மீ.-ஐத் தாண்டக் கூடாது என்பது அமெரிக்க விதி. உள்ளே விடுவதைவிட வடிப்பதுதான் முக்கியம் என்று அதைப் படிக்கலாம்.

சென்னைக்கு இது சரிப்படுமா?

கொடுங்கையூர், பெருங்குடி இரண்டும் அடியில் விரிப்பே இல்லாத பழைய கிடங்குகள். அங்கே தண்ணீர் விட்டால் நேராக நிலத்தடி நீருக்குத்தான் போகும். பயோமைனிங் முறையில் தோண்டிப் பிரிப்பதே அங்கு நடக்கிறது. புதிதாக விரிப்போடு கட்டினாலும் இன்னொரு கேள்வி இருக்கிறது. சமையலறைக் கழிவு நிறைந்த நம்ம ஊர்க் குப்பையில் ஏற்கெனவே பாதிக்குப் பாதி ஈரம்தான். அதற்குள் இன்னும் எவ்வளவு ஊற்றுவது?