துருவுவது வேறு, தெளிவது வேறு: விடுதிக்குச் செல்லும் மகள்களும் ஒரு துப்பறியும் நாவலும்



பள்ளி விடுமுறையில் என் மகள் நூலகத்திலிருந்து ஓர் ஆங்கில நாவலை எடுத்து வந்தாள். ராபின் ஸ்டீவன்ஸ் எழுதி 2014இல் பிரிட்டனில் வெளியான ‘மர்டர் மோஸ்ட் அன்லேடிலைக்’ என்னும் நூல். தலைப்பிலேயே கொலை இருந்தது. அதைப் பார்த்த எங்கள் உறவினர் ஒருவர், “பிறர் குறையைத் துருவ வேண்டாம் என்று மார்க்கம் சொல்கிறது. துப்பறியும் கதை பிள்ளைகளுக்கு அதைத்தானே பழக்கும்?” என்று கேட்டார். கேள்வி நியாயமானது. ஆகவே மகளிடமிருந்து வாங்கி நானே முதலில் வாசித்தேன்.

கதை 1934இல் இங்கிலாந்தின் ஒரு பெண்கள் விடுதிப் பள்ளியில் நடக்கிறது. ஹேஸல் வாங் ஹாங்காங்கிலிருந்து வந்து சேர்ந்த சிறுமி. முகத்தாலும் பேச்சாலும் மற்றவர்களிலிருந்து வேறுபட்டவள். ஒரு மாலை, உடற்பயிற்சிக் கூடத்தில் அறிவியல் ஆசிரியை இறந்து கிடப்பதை அவள் காண்கிறாள். ஆட்களை அழைத்துக்கொண்டு திரும்பும்போது அங்கே உடல் இல்லை. ஆசிரியை வேலையை விட்டு விலகிவிட்டார் என்று பள்ளியில் சொல்லப்படுகிறது. தன் கண்ணால் கண்டதை எவரும் நம்பாத நிலையில், ஹேஸலும் அவளுடைய தோழி டெய்சியும் உண்மையைத் தேடத் தொடங்குகிறார்கள்.

வாசித்து முடித்தபோது என் மனம் இங்கிலாந்தில் நிற்கவில்லை. நாங்கள் வாழும் ஸ்ரீபெரும்புதூர்–ஒரகடம் பகுதிக்கே திரும்பியது. இங்குள்ள தொழிற்சாலைகளில் வேலை செய்யப் பல மாவட்டங்களிலிருந்து இளம்பெண்கள் வருகிறார்கள். பதினெட்டு, பத்தொன்பது வயதில் வீட்டை விட்டு வந்து, முன்பின் அறியாதவர்களுடன் ஓர் அறையில் தங்கி, பேருந்தில் ஷிஃப்டுக்குப் போய்த் திரும்புகிறார்கள். நம் சமுதாயக் குடும்பங்களிலும் மகளை விடுதிக்கு அனுப்பலாமா என்ற பேச்சு இன்று எழுகிறது. விடுதி என்பது நமக்குக் கதைக்களம் மட்டுமன்று.

2021 டிசம்பரில் நடந்ததை இப்பகுதியினர் மறந்திருக்க மாட்டார்கள். சுங்குவார்சத்திரத்தில் உள்ள ஃபாக்ஸ்கான் ஆலையின் பெண் தொழிலாளர்கள் தங்கியிருந்த, பூந்தமல்லி அருகிலுள்ள விடுதி ஒன்றில் உணவு நஞ்சாகி 250க்கும் மேற்பட்டோர் பாதிக்கப்பட்டனர். அவர்களில் 159 பேர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டனர். சென்றவர்களின் நிலை குறித்து அறைத்தோழிகளுக்குத் தெளிவான செய்தி கிடைக்கவில்லை. அந்த வெற்றிடத்தில் சிலர் இறந்துவிட்டதாக வதந்தி பரவியது. டிசம்பர் 17 இரவு பெண்கள் சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் திரண்டு அமர்ந்தனர். ஆலை மூடப்பட்டு, 2022 ஜனவரி 12 அன்றுதான் மீண்டும் திறக்கப்பட்டது.

எவரும் இறக்கவில்லை, வதந்தி பொய். ஆனால் வதந்திக்கு அடியில் இருந்த குறை பொய்யன்று. விடுதிகளும் உணவுக்கூடங்களும் உரிய தரத்தில் இல்லை என்பதை ஆப்பிள் நிறுவனமே அம்மாத இறுதியில் ஒப்புக்கொண்டது. மரணச் செய்தி பொய்யானதைக் காட்டி, “எல்லாமே கட்டுக்கதை” என்று எவரேனும் அன்று ஒதுக்கியிருந்தால், அவரும் வதந்தியை நம்பியவரைப் போன்றே உண்மையைத் தவறவிட்டிருப்பார்.

எங்கள் உறவினரின் கேள்விக்கு விடை இங்கேதான் இருக்கிறது. அல்ஹுஜுராத் அத்தியாயத்தின் 12ஆம் வசனம் வீண் சந்தேகத்தையும் பிறரைத் துருவி ஆராய்வதையும் தடுக்கிறது. அதே அத்தியாயத்தின் 6ஆம் வசனமோ, நம்பகமற்றவர் ஒரு செய்தி கொண்டுவந்தால் அதைத் தீர விசாரித்துத் தெளிந்துகொள்ளுமாறு கட்டளையிடுகிறது. அறியாமையால் ஒரு கூட்டத்தாருக்குத் தீங்கிழைத்துவிட்டுப் பின்னர் வருந்த நேரிடும் என்பதே அதற்கான காரணம். முன்னது ‘தஜஸ்ஸுஸ்’, பின்னது ‘தபய்யுன்’. பிறருடைய மறைவை அம்பலப்படுத்துவது ஒன்று. அநீதி நேராமல் காக்க உண்மையை அறிவது மற்றொன்று. ஒரே அத்தியாயம் ஒன்றைத் தடுத்து மற்றொன்றை ஏவுகிறது.

யூஸுஃப் (அலை) அவர்களின் வரலாற்றில் வரும் இரு சட்டைகளையும் நினைத்துப் பாருங்கள். பொய் இரத்தம் பூசிய சட்டையைச் சகோதரர்கள் கொண்டுவந்தபோது, தந்தை யஃகூப் (அலை) அதை நம்பவில்லை. ஓநாய் தின்றிருந்தால் சட்டை கிழியாமல் இருக்குமா என்று அவர்கள் ஐயுற்றதாகத் தஃப்ஸீர் நூல்கள் விளக்குகின்றன. பின்னர் எகிப்தில், சட்டை முன்புறம் கிழிந்ததா பின்புறம் கிழிந்ததா என்று பார்த்தே யூஸுஃப் (அலை) குற்றமற்றவர் என்பது நிறுவப்பட்டது. வலிமையுள்ள எஜமானியின் சொல்லுக்கும் வலிமையற்ற ஓர் இளைஞரின் சொல்லுக்கும் இடையே தடயம் தீர்ப்புச் சொன்னது.

நல்ல துப்பறியும் நாவல் இந்தப் பயிற்சியைத்தான் தருகிறது. ஹேஸலும் டெய்சியும் யார் மீது ஐயம், அந்நேரத்தில் அவர் எங்கே இருந்தார் என்று குறிப்பேட்டில் எழுதுகிறார்கள். சான்று கிடைத்ததும் பெயரை அடிக்கிறார்கள். தங்கள் ஐயம் தவறென்று தெரியும்போது அதைக் கைவிடவும் கற்கிறார்கள். வாட்ஸ்அப்பில் வந்ததை வந்த வேகத்தில் அனுப்பிவிடும் நம்மில் எத்தனை பேருக்கு அப்பழக்கம் இருக்கிறது? கேட்டதையெல்லாம் பரப்புவதே ஒருவரைப் பொய்யராக்கப் போதுமானது என்ற நபி (ஸல்) அவர்களின் எச்சரிக்கையை நாம் அறிந்துதான் இருக்கிறோம்.

நூலில் எல்லாம் ஏற்கத்தக்கது என்று நான் சொல்லவில்லை. அச்சிறுமிகள் ஒட்டுக்கேட்கிறார்கள், பெரியவர்களிடம் பொய் சொல்கிறார்கள். டெய்சிக்குப் பல நேரங்களில் இது ஒரு விளையாட்டு. பெற்றோர் முதலில் வாசித்து, பிள்ளைகளுடன் பேசவேண்டிய வேறு பகுதிகளும் உண்டு. ஆனால் பூட்டி வைப்பதைவிடப் பேசுவதே மேல். “இந்த இடத்தில் அவள் செய்தது தெளிதலா, துருவுதலா?” என்று என் மகளிடம் கேட்டேன். “அவங்க கடிதத்தைப் படிச்சது தப்பு அத்தா. ஆனா யாரும் நம்பாதபோது அவ வேற என்ன செய்வா?” என்று திருப்பிக் கேட்டாள். அக்கேள்வி பெற்றோராகிய நம்மை நோக்கியது.

2024 ஆகஸ்டில் வல்லம் வடகாலில் 18,720 பெண்கள் தங்கக்கூடிய விடுதி வளாகம் திறக்கப்பட்டது. வரவேற்க வேண்டிய மாற்றம். எனினும் கட்டடம் எத்தனை பெரிதானாலும், மகளின் சொல்லைக் கேட்கும் செவியை அது தந்துவிடாது. சோறு கெட்டிருக்கிறது, இரவில் அச்சமாக இருக்கிறது என்று அவள் தொலைபேசியில் சொல்லும்போது, “கொஞ்சம் பொறுத்துக்கொள்” என்று முடித்துவிடுகிறோம். பொறுமை என்பது அநீதியைப் பேசாதிருப்பதன்று. எப்போது நடந்தது, நீயே கண்டதா, பிறர் சொன்னதா என்று அமைதியாகக் கேளுங்கள். அவளைக் குறித்துவைக்கச் சொல்லுங்கள். பின்னர் பொறுப்பில் உள்ளவரிடம் அவளுடன் சென்று நில்லுங்கள். விடுதிக்குப் பெட்டி கட்டும் மகளுக்கு முஸல்லாவுடன் ஒரு குறிப்பேட்டையும் வைத்தனுப்புங்கள்.

செய்தியைத் தெளிந்து ஏற்கும் அறிவையும், எளியோரின் சொல்லுக்குச் செவிசாய்க்கும் உள்ளத்தையும் வல்ல அல்லாஹ் நமக்கும் நம் மக்களுக்கும் தந்தருள்வானாக. ஆமீன்.