அலிபாபா கதையில் பாதித் தலைப்பைக் காணோம்!

போன ஞாயித்துக்கிழமை திருவில்லிபுத்தூர்ல நண்பன் வீட்டுக்குப் போயிருந்தேன். பால்கோவா, காரச்சேவு, டிவியில பழைய 'அலிபாபாவும் 40 திருடர்களும்'. வேற என்ன வேணும் மனுஷனுக்கு? கிளைமாக்ஸ்ல வாத்தியார் வாளைச் சுழட்டினதும் நண்பன் உணர்ச்சிவசப்பட்டு, "மாப்ள, இந்த அலிபாபா மட்டும் இல்லேன்னா அந்தக் குடும்பமே அம்பேல்"ன்னான்.

நான் வாயை வச்சுக்கிட்டு சும்மா இருந்திருக்கலாம். "அலிபாபா இல்லேன்னாலும் நடந்திருக்கும்டா, மார்ஜியானா இல்லேன்னாதான் அம்பேல்"னு சொல்லித் தொலைச்சேன். அப்புறம் ஒரு மணி நேரம் சண்டை. "சின்னப்புள்ளைக் கதையில போயி குறியீடு, கருமம்னு நோண்டாதே"ங்கறது அவனோட கடைசி அஸ்திரம். ராஜபாளையம் திரும்பற பஸ்ஸுல சொல்ல நினைச்சதெல்லாம் இங்க கொட்டறேன். எம்ஜிஆர் ரசிகர்கள் கொஞ்சம் பொறுமையா படிங்க, நானும் ரசிகன்தான் :-)

முதல்ல அடிப்படைத் தகவல். இந்தக் கதை ஆயிரத்தொரு இரவுகளோட பழைய அரபுக் கையெழுத்துப் பிரதியில கிடையவே கிடையாது. அலெப்போவுல இருந்து பாரிஸ் வந்த ஹன்னா தியாப்ங்கற இளைஞர், 1709ல அந்துவான் காலான்ங்கற பிரெஞ்சு மொழிபெயர்ப்பாளருக்கு வாயால சொன்ன கதை. அதைக் காலான் தன்னோட நாட்குறிப்புல என்ன தலைப்புல குறிச்சு வச்சார் தெரியுமா? மார்ஜியானாவின் சாமர்த்தியங்கள், அல்லது ஓர் அடிமைப் பெண்ணின் திறமையால் ஒழிந்த நாற்பது திருடர்கள். இதுதான் அர்த்தம். அலிபாபா பேரே அதுல இல்லை! 1717ல அச்சுல வந்தப்போ அலிபாபா தலைப்புக்குள்ள ஏறிட்டார். அப்பவும் 'ஓர் அடிமைப் பெண்ணால் ஒழிக்கப்பட்ட'ங்கற பகுதி இருந்தது. அப்புறம் வந்தவங்க அதையும் கத்தரிச்சுட்டாங்க. இன்னைக்கு நாம சொல்றது மிச்சம் இருக்கற பாதித் தலைப்பு.

சரி, கதையில அலிபாபா என்ன செய்யறார்? மரத்து மேல உட்கார்ந்து மந்திரச் சொல்லை ஒட்டுக் கேக்கறார். தங்கத்தைக் கழுதை மேல ஏத்திக்கிட்டு வர்றார். அவ்ளோதான். மிச்சமெல்லாம் யாரு? காசிம் வெட்டுப்பட்டு செத்ததும், அவனுக்கு உடம்பு சரியில்லைன்னு ஊரை நம்ப வைக்க மருந்துக்கடைக்கு நடையா நடக்கறது மார்ஜியானா. தையல்காரக் கிழவர் பாபா முஸ்தபாவைக் கண்ணைக் கட்டிக் கூட்டிட்டு வந்து, துண்டான உடம்பைத் தைக்க வைக்கறது மார்ஜியானா. திருடன் வாசக்கதவுல சாக்பீஸ்ல அடையாளம் போட்டுட்டுப் போனா, அதே அடையாளத்தை அக்கம்பக்கத்துக் கதவுலயும் போடறது மார்ஜியானா.

எங்க ஆச்சி மில்லுல வைண்டிங் வேலை பார்த்தவங்க. ஷிப்ட் முடிஞ்சு வந்து இந்தக் கதை சொல்லுவாங்க. படம் பாத்தாங்களான்னு கூட எனக்குத் தெரியாது. அவங்க சொல்ற கதையில சாக்பீஸ் கிடையாது, கோலம். "ஒரு வீட்டு வாசல்ல மட்டும் திருடன் கோலம் போட்டான். அந்தப் பொண்ணு விடியறதுக்குள்ள தெரு முச்சூடும் அதே கோலத்தைப் போட்டுட்டா"ம்பாங்க. மார்கழியில திருவில்லிபுத்தூர் மாடவீதியில விடிகாலை நடந்து பாருங்க, ஆச்சி சொன்னது புரியும். ஒரு வீட்டுக்கு வந்த ஆபத்தை ஒரு தெருவே பங்கு போட்டுக்குது. இது குறியீடு இல்லாம வேற என்னய்யா?

ஆச்சி கதையில அலிபாபா நம்ம அய்யனார் கோவில் பக்கம் மலையடிவாரத்துல விறகு வெட்டப் போறவன். இப்ப போனா வனத்துறை பிடிச்சு உக்கார வச்சிரும். 2021ல இருந்து அந்த மலைக்காடு புலிகள் காப்பகம் :-)

இப்ப எண்ணெய்க்கு வருவோம். குகையைத் திறக்கற சொல் 'சீசேம்'. சினிமா புண்ணியத்துல நமக்கு அது ஏதோ அரபு மந்திரம். அட, அது எள்ளுங்க! வயித்துக்குச் சாப்பிடற சாமான். பணக்காரன் காசிம் உள்ள போயி தங்கத்தைப் பார்த்ததும் அந்தப் பேரை மறந்துடறான். பார்லி அது இதுன்னு மத்த தானியம் பேரெல்லாம் சொல்லிப் பாக்கறான், கதவு திறக்கலை. தானியத்தை மறந்தவன் தங்கத்தோட செத்துப் போறான்.

கடைசியில கூட்டத்தை ஒழிக்கறது என்ன? எண்ணெய். 19 கோவேறு கழுதை, 38 தோல் ஜாடி. ஒண்ணுல எண்ணெய், மிச்சம் 37ல ஆளு. விளக்குக்கு எண்ணெய் தீர்ந்து மொண்டுட்டு வரப்போன மார்ஜியானா, ஜாடிக்குள்ள இருந்து குரல் கேட்டதும் கத்தலை, மயங்கி விழலை. "இன்னும் நேரம் ஆகலை"ன்னு தலைவன் மாதிரியே பதில் சொல்லிட்டு, அந்த ஒரு ஜாடி எண்ணெயைக் காய்ச்சறா. கதையில என்ன எண்ணெய்னு இல்லைதான். ஆனா எள்+நெய்தான் எண்ணெய்னு பள்ளிக்கூடத்துல படிச்ச நமக்கு மட்டும் இதுல ஒரு போனஸ். எள்ளுல திறந்த கதை, எண்ணெய்ல முடியுது.

அப்புறம் உப்பு. வியாபாரி வேஷத்துல விருந்துக்கு வந்த தலைவன், உப்பில்லாம சாப்பாடு கேக்கறான். அலிபாபாவுக்கு ஒண்ணும் உறைக்கலை. மார்ஜியானாவுக்கு உடனே பொறி தட்டுது. உப்புத் தின்ன வீட்டுக்குத் துரோகம் பண்ணக்கூடாதுன்னு ஒருத்தன் உப்பையே தவிர்க்கறான்னா, அவன் துரோகம் பண்ணத்தான் வந்திருக்கான். கத்தியோட ஆடற மாதிரி ஆடி, அவளே குத்திக் கொல்றா. வாத்தியாரோட வாள்சண்டைக்கு மூலக்கதையில வேலையே இல்லை.

1956 படம் சாதாரணப் படம் இல்லை. சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ், டி.ஆர்.சுந்தரம், தமிழின் முதல் முழுநீள வண்ணப்படம். பானுமதியை ஓரங்கட்ட யாராலயும் முடியாது, அந்தம்மா நின்னாலே காட்சி அவங்களோடது. ஆனா திரைக்கதை என்ன பண்ணுச்சு? காப்பாத்தறவளைக் காப்பாத்தப்பட்டவளா, காதலியா மாத்தி, கடைசி வெட்டை ஹீரோ கையில குடுத்துருச்சு. ஹாலிவுட் இதைவிட மோசம். 1944ல வந்த படத்துல அலி விறகுவெட்டியே இல்லை, காலிஃபோட மகன்! ஏழையும் போச்சு, அடிமைப் பெண்ணும் போச்சு.

"ஹீரோ இல்லாம படம் ஓடாது பாஸ்"ங்கறீங்களா? வங்காளத்தைப் பாருங்க. 1937ல மது போஸ் எடுத்த 'அலிபாபா'வுல சாதனா போஸ்தான் மர்ஜினா, அந்த ஆட்டத்தை இன்னும் பேசறாங்க. 1973ல வந்த படத்துக்கு பேரே 'மர்ஜினா அப்தல்லா'. சலில் சௌத்ரி இசை. அடிமை ரெண்டு பேர்தான் தலைப்பு, முதலாளி பேர் தலைப்புல இல்லை. அவங்களால முடிஞ்சது நம்மளால ஏன் முடியலை?

கொதிக்கற எண்ணெயில 37 பேரைக் கொல்றதைக் குழந்தைக்குச் சொல்லலாமான்னு ஒரு நியாயமான கேள்வி வரும். நாங்கல்லாம் கேட்டுதான் வளர்ந்தோம், ஒண்ணும் ஆகலை. அதைச் சொல்ல வேண்டாம்னா விட்டுருங்க. ஆனா செஞ்சது யாருங்கறதை மட்டும் மாத்தாதீங்க.

மூலக்கதையையும் நான் சும்மா விடப் போறதில்லை. மார்ஜியானாவுக்கு முதல்ல விடுதலை கிடைக்குது, அப்புறம் அலிபாபா மகனோட கல்யாணம். குகை ரகசியம்? அலிபாபா அதை மகனுக்குத்தான் சொல்லிக் குடுக்கறார். பரம்பரையா கைமாறிப் போகுது. உயிரைக் காப்பாத்தினவளுக்கு அந்த ஒத்தைச் சொல்லைச் சொன்னதா கதையில இல்லை. அவளைக் காணாம போக்கினது சினிமா மட்டும் இல்லைன்னு இங்கதான் தெரியுது.

திருப்பாவை 16வது பாசுரத்துல ஆயர் சிறுமிகள் வாசல்ல நின்னு, கதவைத் திறன்னு காவலாளிகிட்டக் கேக்கறாங்க. அப்படி ஒருத்தி பாடின ஊர்ல உக்கார்ந்துக்கிட்டு, கதவு திறக்கற கதையில பொண்ணைத் தேடாதேன்னு என் நண்பன் சொல்றான். அதான் தாங்கலை.

இன்னைக்கு ராத்திரி உங்க வீட்டுப் பிள்ளைக்கு இந்தக் கதையைச் சொன்னா, முழுத் தலைப்போட சொல்லுங்க. 'மார்ஜியானாவும் 40 திருடர்களும்'. அலிபாபா யாருன்னு பிள்ளை கேட்டா, "அவங்க வீட்டுல இருந்த ஒருத்தர்"னு சொல்லிக்கலாம்.

டிஸ்கி: நண்பனுக்கு இதை அனுப்பியாச்சு. அடுத்த வாரம் பால்கோவா கிடைக்குமாங்கறது சந்தேகம்தான்.